செம்பனியை அள்ளி, உருக்கி, எண்ணுவது எப்படி?

ஜூலை நடுவில், வடதுருவத்துக்கு அருகே உள்ள ஸ்வால்பார்டுத் தீவுகளின் பனியாற்றுச் சரிவில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு செம்பனித் திட்டு தெரிந்தால், முதலில் அதன் ஓரத்தில் பூட்ஸ் காலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். கால்தடம் சுற்றியுள்ள பனியைவிட நல்ல சிவப்பாக இருக்கும். பனிமணிகளுக்கு இடையே இருந்த காற்று வெளியேறி, சிதறிக் கிடந்த பாசிச் செல்கள் நெருங்கி வருவதால் தெரியும் சிவப்பு அது. அதில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து உருக்கி 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால், மாதுளை முத்துகளை உருட்டிவிட்டது போல உருண்டை உருண்டையாகச் செல்கள் கிடக்கும்.

அந்தத் திட்டிலிருந்து நம்பத்தக்க ஓர் எண்ணை எடுப்பதுதான் இங்கே வேலை. ஒரு சதுர மீட்டரில் எத்தனை செல்கள், அவற்றில் எவ்வளவு நிறமி என்று சொல்லத் தெரிய வேண்டும். அள்ளுவது, உருக்குவது, எண்ணுவது என்று மூன்றே படிகள். ஆனால் இரண்டு இடங்களில் எளிதாகக் கெட்டுப்போகும். அள்ளிய பரப்பையும் ஆழத்தையும் எழுதாமல் விட்டால், பிறகு எத்தனை கவனமாக எண்ணினாலும் அந்த எண்ணை வேறொன்றோடு ஒப்பிட வழியில்லை. அவசரப்பட்டு உருக்கினால், எண்ண வேண்டிய செல்லில் ஒரு பகுதி மேசைக்கு வருவதற்கு முன்பே செத்துவிடும். இந்த இரண்டு இடங்களிலும் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

எதைத் தேடுகிறோம்

துருவப் பனியில் நிறம் தரும் பாசிகள் இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கருவி முதல் கணக்கு வரை எல்லாம் மாறிவிடும்.

முதல் வகை பனிப்பாசி. உருகிக்கொண்டிருக்கும் பனியில் வாழும் பச்சைப்பாசிக் குடும்பம் இது. நெடுங்காலம் கிளாமிடோமோனாஸ் நிவாலிஸ் என்று அழைக்கப்பட்ட சிவப்பு இனத்துக்கு 2019-இல் சாங்குயினா நிவலாய்டிஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஆரஞ்சுப் பனியில் சாங்குயினா ஔரான்சியாவும், பச்சை, ஆரஞ்சுத் திட்டுகளில் குளோரோமோனாஸ் இனங்களும் கிடைக்கும். சிவப்பைத் தருவது அஸ்டாசாந்தின் என்ற கரோட்டினாய்டு. செல்லுக்குள் கொழுப்புத் துளிகளில் கரைந்து நின்று, பசுங்கணிகத்தைக் கடும் வெயிலிலிருந்து காக்கும் நிறமி அது.

நாம் மேற்பரப்பில் காணும் சிவப்பு, பெரும்பாலும் தடித்த சுவருக்குள் உறங்கும் செல்கள். இனி அவற்றை உறங்குசெல் என்றே சொல்வோம். குளோரோமோனாஸ் போன்றவற்றில் வசந்தத்தில் உருகுநீர் இறங்கியதும் கசையிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) உள்ள பச்சைச் செல்கள் முளைத்து, பனிமணிகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் நீந்தி மேலே வருகின்றன. பிறகு அவையும் உறங்குசெல்லாக மாறுகின்றன. அதனால் மேலே வெள்ளையாக இருக்கும் பனியை 10 செ.மீ. தோண்டினால் பச்சைப் பட்டை தென்படுவது உண்டு. மேற்பரப்பைப் பார்த்துவிட்டு ‘இங்கே பாசி இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாம் வகை பனிக்கட்டிப் பாசி. பனி முழுக்க உருகிப்போய், பனியாற்றின் வெறும் கட்டி வெளிப்பட்ட பிறகு அதன் மேல் வளர்வது. ஆன்சிலோனீமா நோர்டென்ஷியோல்டி, ஆன்சிலோனீமா அலாஸ்கானம் இரண்டும் இங்கே முக்கியம். இவற்றின் நிறம் சிவப்பல்ல, பழுப்பு கலந்த ஊதா. பர்புரோகாலின் என்ற பீனால் வகை நிறமி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையான வாக்குவோலில் கரைந்திருப்பதால் வரும் நிறம். தென்மேற்குக் கிரீன்லாந்தின் பனிவிரிப்பு கோடையில் கருமை கொள்வதற்கு இவை ஒரு பெரிய காரணம். தூரத்திலிருந்து பார்க்க வெறும் அழுக்குப் போலத் தெரியும். அழுக்கு என்று நினைத்தே பலர் தாண்டிப் போகிறார்கள்.

பாசிதானா என்று உறுதிசெய்தல்

சிவப்பாக இருப்பதெல்லாம் பாசி அல்ல. ஸ்வால்பார்டின் கொங்ஸ்ஃபியோர்டுப் பக்கம் செந்நிறப் பாறைத்தூளும் பனியில் படிகிறது. அண்டார்டிகாவில் கிரில் என்ற இறால் போன்ற உயிரியைத் தின்ற பென்குவின்களின் எச்சம் அச்சு அசல் இளஞ்சிவப்பு. சோதனை எளிது: கையுறை விரலில் கொஞ்சம் பனியை நசுக்கித் தேயுங்கள். பாறைத்தூள் நறநறவென்று உறுத்தும். பாசி வழுவழுப்பாக இருக்கும். எச்சத்தை மூக்கே சொல்லிவிடும். முடிவான சான்று கையடக்க நுண்ணோக்கிதான். 100 மடங்கு போதும். 20 மைக்ரோமீட்டர் உருண்டைகள் அதில் தெளிவாகத் தெரியும்.

1818-இல் ஜான் ராஸின் கப்பல் வடமேற்குக் கிரீன்லாந்தின் கேப் யார்க் அருகே சிவந்த பனிச்சரிவுகளைக் கண்டு, அந்தப் பனியைப் போத்தலில் அடைத்து லண்டனுக்குக் கொண்டுபோனது. தாவரவியலர் ராபர்ட் பிரவுன் அதைப் பாசி என்றார். ஃப்ரான்ஸ் பாவர் பூஞ்சை என்று பெயரிட்டார். பல மாதம் உருகிய நீராகக் கிடந்த மாதிரியை வைத்துக்கொண்டு அதற்குமேல் உறுதியாகச் சொல்வது கடினம். உருகிய மாதிரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இது 200 ஆண்டுப் பழைய எடுத்துக்காட்டு.

இடம், காலம், அனுமதி

பாசிக்குத் திரவ நீர் வேண்டும். காய்ந்த, உறைந்த பனியில் தேடிப் பயனில்லை. ஸ்வால்பார்டில் ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை, உருகுகோடு, அதாவது பனி முழுக்க உருகிய இடத்தின் மேல் எல்லை, மேலேறிக்கொண்டே போகும். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய பழைய பனியில்தான் செம்பனி அடர்த்தியாக இருக்கும். கோட்டுக்குக் கீழே, வெளிப்பட்ட கட்டியில் ஊதாப் பாசியைப் பாருங்கள். அண்டார்டிகத் தீபகற்பத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை. அங்கே பச்சைப் பனி அதிகம். பறவைகளின் எச்சத்திலிருந்து நைட்ரஜன் கிடைப்பது ஒரு காரணம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் தீபகற்பம் நெடுகிலும் 1,679 பச்சைத் திட்டுகளைக் கண்டது. மொத்தப் பரப்பு 1.9 சதுர கி.மீ.

இந்திய ஆய்வாளர்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள களம் ஸ்வால்பார்டின் நீ-ஓலெசுன்ட். 2008-இல் தொடங்கிய இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. மிட்ரே லொவேன்பிரீன், ஔஸ்ட்ரே பிரோகெர்பிரீன் போன்ற பனியாறுகளுக்கு நடந்தே போய்வரலாம். மூன்று விஷயம் அங்கே கட்டாயம். மாதிரி எடுக்கும் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்து, தேவையான அனுமதியை வாங்க வேண்டும். குடியிருப்பைத் தாண்டும்போது துருவக்கரடியை விரட்டும் கருவியும் அதைக் கையாளப் பயிற்சி பெற்றவரும் கூட வர வேண்டும். மூன்றாவதைப் புதிதாக வருபவர்கள் மறக்கிறார்கள்: அந்த ஊர் வானொலி அமைதிப் பகுதி. சுற்றிலும் 20 கி.மீ.க்கு 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை எதையும் ஒலிபரப்பக் கூடாது, அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு இடைஞ்சல். வைஃபை, புளூடூத் இரண்டும் அதே எல்லைக்குள் வருவதால், புளூடூத்தில் பேசும் வெப்பமானி, தரவுப்பதிவி எதையும் கொண்டுபோகாதீர்கள். கம்பி வைத்தது அல்லது திரையில் எண் காட்டுவது வாங்குங்கள்.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்

20 × 20 செ.மீ. உள்ளளவு கொண்ட, 2 செ.மீ. உயர அலுமினியச் சட்டம் ஒன்று. இதுதான் மொத்த வேலைக்கும் அச்சாணி. துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியும் ஒரு தட்டை உலோகத் தகடும். ஒரு லிட்டர் கொள்ளும் கிருமிநீக்கிய பைகள், தளத்துக்கு ஐந்து வீதம். வெறும் பையின் எடையை முதல் நாளே அதன் மேல் எழுதிவிடுங்கள். 70% எத்தனால், துடைதாள், நைட்ரைல் கையுறை. 1 கிராம் துல்லியத்தில் 2 கிலோ வரை நிறுக்கும் தராசு. 0.1 °செ. காட்டும் வெப்பமானி. சாம்பல் நிற அட்டை, அளவுகோல், கேமரா. வெயில் புகாத குளிர்ப்பெட்டி. பென்சில். பேனா மை எத்தனால் பட்டதும் கரைந்து, பையின் பெயர் மறைந்துபோகும்.

கொள்ளளவு சரியாகத் தெரிந்த 100 மி.லி. அடர்த்திக் குழாயும் இருந்தால் நல்லது. பனியின் அடர்த்தியைத் தனியே பதிவுசெய்ய உதவும்.

அள்ளுதல்

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஒளி, பிறகு படம், பிறகுதான் கரண்டி. மிதித்த பனியில் ஒளித்திருப்பத்தை, அதாவது விழும் ஒளியில் பனி எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை, அளந்து பயனில்லை.

ஒளி அளக்கும் கருவி இருந்தால், சூரியன் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணிக்குள் அளந்துவிடுங்கள். உங்கள் நிழல் அளக்கும் திட்டில் விழாதபடி, சூரியனைப் பார்த்தபடி நின்று கருவியை நீட்டிப் பிடியுங்கள். சிவப்பு ஜாக்கெட் வேண்டாம். அதன் நிறமே பனியில் தெறித்து அளவில் கலந்துவிடும். மேகம் ஓடும் நாளில், மேலிருந்து வரும் ஒளியையும் கீழிருந்து திரும்பும் ஒளியையும் ஒரே நொடியில் அளக்கும் இரட்டைக் கருவி இல்லையென்றால் அளக்காமல் விடுவதே மேல். பாசி இருக்கும் பனியின் நிறமாலையில் 680 நானோமீட்டர் அருகே பச்சையத்தின் சிறு பள்ளமும், 400 முதல் 600 வரை கரோட்டினாய்டின் பெரிய சரிவும் தெரிய வேண்டும். பாறைத்தூளில் அந்த 680 பள்ளம் வராது.

அடுத்து, சாம்பல் அட்டையையும் அளவுகோலையும் சட்டத்தின் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) வடிவத்தில் படம் எடுங்கள்.

இனி அள்ளலாம். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக நில்லுங்கள். உடையிலிருந்து உதிரும் தூசி மாதிரியில் விழாது. கரண்டியை எத்தனாலில் துடைத்து, காய்ந்ததும் பக்கத்துச் சுத்தப் பனியில் மூன்று முறை குத்தி எடுங்கள். எத்தனால் மிச்சம் மாதிரியில் போனால் கசையிழைச் செல்கள் அங்கேயே சாகும். பிறகு:

1. சட்டத்தைப் பனி மட்டத்துக்குச் சமமாக அழுத்துங்கள். சரிவில் சட்டமும் சரிவோடு சாய்ந்திருக்கட்டும். கிடைமட்டமாக்க முயன்றால் ஒரு பக்கம் ஆழம் கூடிவிடும்.
2. தகட்டைச் சட்டத்தின் அடியில் செருகி, 2 செ.மீ. பாளத்தை அப்படியே வெட்டி எடுங்கள்.
3. பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, அங்கேயே நிறுங்கள்.
4. பெட்டியின் இருளில் வையுங்கள். நேரம், இருப்பிடம், பனியின் வெப்பநிலை, ஆழம் நான்கையும் அந்த நிமிடமே எழுதுங்கள்.

ஒரே நிறமாகத் தெரியும் திட்டில் குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து பாளங்கள் எடுங்கள். அரை மீட்டர் தள்ளினால் எண்ணிக்கை பல மடங்கு மாறுவது சாதாரணம். பனிக்குழிகளின் அடியில் பாசி சேர்ந்து, விளிம்பில் குறைந்திருக்கும். கண்ணுக்கு மிகச் சிவந்த இடத்தை மட்டும் பொறுக்குவது இந்த வேலையில் எல்லோரையும் இழுக்கும் தவறு. அதைத் தவிர்க்க, திட்டின் குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்து, சம இடைவெளியில் சட்டம் விழும் இடத்திலெல்லாம் எடுங்கள். 10 மீட்டர் தள்ளி, வெள்ளையாகத் தெரியும் பனியிலும் ஒன்று. செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால், சென்டினல்-2-இன் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம் என்பதை நினைவில் வையுங்கள். குறைந்தது 30 மீட்டர் அகலத்துக்கு ஒரே மாதிரி இருக்கும் திட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆழ மாதிரி வேண்டுமென்றால் குழி தோண்டி, அதன் சுவரில் கீழிருந்து மேலாக எடுத்து வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் சிவந்த துகள்கள் சரிந்து கீழ் அடுக்குகளை அசுத்தமாக்கும்.

பனிக்கட்டிக்குச் சட்டம் இறங்காது. 20 × 20 செ.மீ. சதுரத்தைக் கீறிக் குறித்து, உளியாலோ பனிக்கோடரியின் அலகாலோ மேல் 2 செ.மீ.யைச் சுரண்டி எடுங்கள். கட்டியில் உருளை வடிவக் குழிகளும் அவற்றின் அடியில் கரிய மண்ணும் இருக்கும். அந்தக் குழிகளைத் தொடாதீர்கள். அது கிரையோகோனைட் என்ற வேறொரு சமூகம், பெரும்பாலும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள். ஒரு கரண்டி அது கலந்தாலும் ஊதாப் பாசியின் கணக்கு போயிற்று.

உருக்குதல்

அடுப்பு, மைக்ரோவேவ், வெந்நீர்த் தொட்டி, ஜன்னலோர வெயில் எதுவும் வேண்டாம். பையை 4 °செ. குளிர்பெட்டியில், இருளில், 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். ஏன் இந்தப் பொறுமை? இந்தச் செல்கள் தங்கள் வாழ்நாள் முழுவதும் 0 °செ. அருகே இருந்தவை. பச்சை நிறக் கசையிழைச் செல்கள் அறை வெப்பத்துக்கு வந்ததும் கசையிழையை உதிர்த்து, உருண்டு, உடைகின்றன. சிவந்த உறங்குசெல்களின் சுவர் தடிமன் என்பதால் அவை தப்பிவிடும். ஆகவே சூடாக உருக்கிய மாதிரியில் சிவப்பு மட்டும் மிஞ்சி, ‘இங்கே பச்சைச் செல்லே இல்லை’ என்று பொய்யாகக் காட்டும். வெறும் எண்ணிக்கைக் குறைவைவிட இது மோசம். பருவத்தின் எந்தக் கட்டத்தில் அந்தத் திட்டு இருக்கிறது என்ற முடிவே தலைகீழாகும்.

ஊதாப் பாசியில் இன்னொரு வகைக் கேடு. அதன் நிறமி நீரில் கரைவது. செல் செத்ததும் வாக்குவோல் கிழிந்து, நிறமி வெளியேறி, உருகுநீர் தேநீர் நிறம் கொள்ளும், செல்லோ வெளிறிப்போகும். உருகிய பையில் தெளிந்த நீர் பழுப்பாகத் தெரிந்தால், மாதிரியில் ஒரு பங்கு ஏற்கெனவே செத்திருக்கக்கூடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். உருகியதை மீண்டும் உறைய வைக்கவே கூடாது. உருகி உறையும்போது வளரும் பனிப்படிகங்கள் செல்லைக் குத்திக் கிழிக்கும். மரபணு ஆய்வுக்குப் போகும் பங்கை மட்டும், உருகவே விடாமல், பனியாகவே −20 °செ. அல்லது அதற்கும் கீழே வையுங்கள்.

பையில் கடைசிப் பனித்துண்டு மிதக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். முழுக்க உருகி வெப்பமேறக் காத்திருக்க வேண்டியதில்லை. மின்கடத்துதிறனையும் பி.எச்.சையும் இப்போதே அளக்கலாம். உருகுநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் சாதாரண பி.எச். மின்வாய் நிலைகொள்ளாமல் தள்ளாடும். குறை அயனி நீருக்கான மின்வாயைப் பயன்படுத்தி, எண் நிற்கும்வரை சில நிமிடம் பொறுங்கள்.

எண்ணுவதற்கான பங்கை நிலைப்படுத்த, 100 மி.லி.க்கு 1 மி.லி. லுகோல் கரைசல் (அயோடின் கரைசல்) போதும். நீர் இளந்தேநீர் நிறத்துக்கு வரும். ஆனால் லுகோல் செல்லின் உண்மை நிறத்தை மறைத்துவிடும், மாவுச்சத்தைக் கறுப்பாக்கும். அதனால் நிறமும் வடிவமும் தெரியப் படம் எடுக்க, கலக்காத ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குங்கள். குளூட்டரால்டிஹைடு 1 முதல் 2% அளவில் நிறத்தை நன்றாகக் காக்கும். நச்சு என்பதால் காற்றை வெளியே இழுக்கும் பெட்டிக்குள்தான் கையாள வேண்டும், விமானத்தில் கொண்டுவரவும் தனி விதிகள் உண்டு.

எண்ணுதல்

இங்கே நடக்கும் பெரும்பிழை கலக்காமல் எடுப்பது. உறங்குசெல் கனமானது; கலக்கிய குப்பியை வைத்த சில நிமிடத்தில் அடியில் சிவப்பு வண்டல் தெரியத் தொடங்கும். மேலிருந்து உறிஞ்சினால் பாதி எண்ணிக்கைகூட வராது. குப்பியை 20 முறை மெதுவாகத் தலைகீழாக்கி, நிறுத்திய உடனே நடு ஆழத்திலிருந்து எடுங்கள். பையின் சுவரிலும் செல்கள் ஒட்டியிருக்கும். சிவந்த மெல்லிய படலம் தெரிந்தால், 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டிய உருகுநீர் 20 மி.லி. விட்டுக் கழுவி மாதிரியோடு சேருங்கள். சேர்த்த அளவைக் கணக்கில் எழுதுங்கள்.

எந்த எண்ணறை, அதாவது செல் எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தகடு? செம்பனியில் மி.லி.க்கு சில ஆயிரம் முதல் லட்சம் செல்கள் வரை வரும். நியூபவர் அறையின் பெரிய கட்டம் ஒன்று 0.1 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும், மி.லி.க்கு 8,000 செல் உள்ள மாதிரியில் கட்டத்துக்கு ஒரு செல்கூட விழாது. இந்த அளவுகளுக்கு செட்விக்-ராஃப்டர் அறைதான் சரி: 50 × 20 மி.மீ. பரப்பு, 1 மி.மீ. ஆழம், மொத்தம் 1 மி.லி., 1,000 கட்டங்கள். நிரப்பிய பின் 15 நிமிடம் அசையாமல் விட்டால் செல்கள் அடியில் உட்காரும். பிறகு கட்டங்களை ஓரம், நடு என்று பரவலாகத் தேர்ந்தெடுத்து எண்ணுங்கள்; ஓரங்களில் மட்டும் எண்ணினால் தவறும்.

குறைந்தது 400 செல் எண்ண வேண்டும். அப்போதுதான் எண்ணிக்கைப் பிழை ஏறத்தாழ 10% அளவில் அடங்கும். 100 மட்டும் எண்ணினால் 20%.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 கட்டங்களில் 420 செல்கள். கட்டத்துக்கு 8.4, 1,000 கட்டத்துக்கு, அதாவது 1 மி.லி.க்கு, 8,400. பாளத்தின் எடை 400 கிராம், ஆகவே உருகுநீர் 400 மி.லி. 8,400 × 400 = 33,60,000 செல்கள், 400 சதுர செ.மீ. பரப்பிலிருந்து. ஒரு சதுர செ.மீ.க்கு 8,400, ஒரு சதுர மீட்டருக்கு 8.4 கோடி. மி.லி.க்கும் சதுர செ.மீ.க்கும் ஒரே எண் வந்தது தற்செயல்: 2 செ.மீ. பனியின் அடர்த்தி 0.5 என்பதால் நீராக 1 செ.மீ. நின்றது. அடுத்த வாரம் அதே திட்டு மேலும் ஈரமேறி அடர்த்தி 0.6 ஆனால் இரண்டும் பிரிந்துவிடும். ‘மி.லி.க்கு இத்தனை’ என்று மட்டும் எழுதுவது ஏன் போதாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பனி சுருங்கினாலே செல் பெருகியது போலத் தோன்றும்.

வெள்ளைப் பனியில் செல் மிகக் குறைவு. 100 மி.லி.யை அளவு உருளையில் லுகோலோடு 24 மணி நேரம் குளிரில் தெளிய விட்டு, மேல் 90 மி.லி.யை மெல்லிய குழாயால் மெதுவாக உறிஞ்சி அகற்றி, மீந்த 10 மி.லி.யை எண்ணிப் பத்தால் வகுங்கள்.

எண்ணும்போதே வகை பிரிக்கலாம், ஓரளவுக்கு. 10 முதல் 30 மைக்ரோமீட்டர் விட்டத்தில், வழவழப்பான சுவரோடு, முழுச் சிவப்பாக இருந்தால் ‘சாங்குயினா வகை’ என்று எழுதுங்கள். முட்டை வடிவில், நீளவாக்கில் விலா போன்ற மேடுகளோடு ஆரஞ்சாக இருந்தால் குளோரோமோனாஸ் நிவாலிஸ் வகை. மேலே முட்கள் இருந்தால் குளோரோமோனாஸ் பிரெவிஸ்பைனா வகை. சங்கிலியாகக் கோத்த உருளைகள் ஆன்சிலோனீமா நோர்டென்ஷியோல்டி. தனித்தோ இரட்டையாகவோ இருக்கும் குறும் உருளைகள் ஆன்சிலோனீமா அலாஸ்கானம். ‘வகை’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வழவழப்பான சிவப்பு உருண்டை பல இனங்களுக்கும் பொது; 18எஸ், ஐ.டி.எஸ்.2, ஆர்.பி.சி.எல். போன்ற மரபணுப் பகுதிகளைப் படிக்காமல் இனப் பெயரை உறுதியாக எழுதுவது நேர்மையாகாது.

உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் தகட்டையும் குளிர வையுங்கள். நுண்ணோக்கியின் விளக்குச் சூட்டில் பச்சைச் செல்களின் நீச்சல் விரைவில் நின்றுபோகும். ஐந்தாறு தகடுகளைப் பனிப்பெட்டியில் வைத்து மாற்றி மாற்றி எடுப்பதே எளிய வழி.

நிறமி எடுத்தல்

நல்ல செம்பனியில் 50 முதல் 100 மி.லி. போதும், வெள்ளைப் பனிக்கு ஒரு லிட்டர் வரை தேவைப்படும். ஜி.எஃப்./எஃப். கண்ணாடியிழை வடிதாளில், மங்கிய ஒளியில், கைப்பம்பால் மெதுவாக வடியுங்கள். உறிஞ்சழுத்தம் 20 கிலோபாஸ்கலைத் தாண்டினால் மென்மையான செல்கள் தாளிலேயே நசுங்கி, நிறமி நீரோடு போய்விடும். மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி −80 °செ.

பிரித்தெடுக்க 90% அசிட்டோன் 5 மி.லி. உறங்குசெல்லின் சுவர் அசிட்டோனை எளிதில் உள்ளே விடாது. சும்மா ஊற வைத்தால் கரைசல் வெளிறியும் படிவு சிவந்தும் இருக்கும். 0.5 மி.மீ. கண்ணாடி மணிகளோடு ஒரு நிமிடம் குலுக்குங்கள், பனியில் ஒரு நிமிடம் ஆற்றுங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. மையவிலக்கிய பின் படிவில் இளஞ்சிவப்பு மிஞ்சினால் மறுபடி. ஒரு துளிப் படிவை நுண்ணோக்கியில் பாருங்கள்: உடையாத சிவப்பு உருண்டை தெரியும்வரை வேலை முடியவில்லை. மறுமுறை ஊற்றிய அசிட்டோனையும் மொத்த அளவில் சேர்க்க மறக்காதீர்கள்.

1 செ.மீ. கலத்தில் 664, 647, 750 நானோமீட்டர்களில் ஒளியுறிஞ்சல் எடுத்து, 750-இன் அளவை மற்ற இரண்டிலிருந்தும் கழியுங்கள். பச்சையம்-ஏ, லிட்டருக்கு மில்லிகிராமில் = 11.93 × (664-இன் அளவு) − 1.93 × (647-இன் அளவு). 664-இல் 0.210, 647-இல் 0.080 வந்தால் 2.35. கரைசல் 5 மி.லி. என்றால் மொத்தம் 11.75 மைக்ரோகிராம், வடித்தது 100 மி.லி. உருகுநீர் என்றால் லிட்டருக்கு 117.5 மைக்ரோகிராம். ஒளியுறிஞ்சல் 0.8-ஐத் தாண்டினால் கரைசலை நீர்க்கச் செய்து மறுபடி அளந்து பாருங்கள்.

சிவப்பின் அளவுக்கு 475 அருகே உள்ள அளவை 664-இன் அளவால் வகுத்து, திட்டுக்குத் திட்டு ஒப்பிடலாம். அதை அஸ்டாசாந்தினின் எடை என்று சொல்லிவிடக் கூடாது. மற்ற கரோட்டினாய்டுகளும் அங்கேதான் உறிஞ்சுகின்றன. அஸ்டாசாந்தினும் பல கொழுப்பமிலங்களோடு சேர்ந்த எஸ்டர்களாக இருப்பதால், சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில்கூட ஒரே கூர்முனையாக வராமல் பல முனைகளாகச் சிதறும். ஊதாப் பாசிக்கு இந்த முறையால் பச்சையம் மட்டுமே தெரியும். நீரில் கரையும் அதன் ஊதா நிறமியை அசிட்டோன் சாற்றில் தேடி, ‘நிறமி குறைவு’ என்று எழுதியவர்கள் தவறான கரைப்பானில் தேடியிருக்கிறார்கள்.

வெற்று மாதிரி

ஒவ்வொரு நாளும் ஒரு வெற்றுப் பையில் வடிகட்டிய நீரை ஊற்றி, அதே கரண்டியை அதில் நனைத்து, அதே பெட்டியில் சுமந்து, அதே போல வடித்து, எண்ணி முடியுங்கள். அதில் 50 கட்டத்துக்கு ஒரு சிவப்பு உருண்டை வந்தால்கூட, அன்றைய வெள்ளைப் பனி எண்கள் சந்தேகத்துக்குரியவை. முந்தைய திட்டின் செல்கள் கரண்டியிலோ கையுறையிலோ பயணம் செய்திருக்கின்றன. செம்பனி எண்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை. அதனாலேயே தளத்தில் வெள்ளைப் பனியை முதலிலும், சிவந்ததைக் கடைசியிலும் அள்ளுங்கள்.

ஆர்க்டிக்கின் 16 பனியாறுகளில் செம்பனியை அளந்து 2016-இல் ஆய்வு வெளியிட்டவர்கள், ஓர் உருகுபருவத்தில் அது பனியின் ஒளித்திருப்பத்தை 13% குறைக்கக்கூடும் என்று கணித்தார்கள். அந்த விழுக்காட்டை உங்கள் பனியாற்றில் சோதிக்க விரும்பினால், குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியிலும் இந்த ஆறும் இருக்கட்டும்: பரப்பு, ஆழம், எடை, செல் எண்ணிக்கை, பச்சையம், அள்ளுவதற்கு முன் அளந்த ஒளித்திருப்பம். ஏதாவது ஒன்று விடுபட்ட பாளத்தைச் சராசரியில் சேர்க்காமல், தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.